ருகூவில் தெரிந்த முதுகு



சென்ற ரமழானில் ஒரு நாள் தராவீஹ் முடிந்து வீடு வந்தபோது என் மனைவி வழமைக்கு மாறாக மௌனமாக இருந்தார். என்னவென்று கேட்டேன். அன்று கடைக்குட்டி அழுதுகொண்டே இருந்ததால் இவர் ஸஃப்பில் நிற்காமல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பகுதியின் பின்புறத்தில் அமர்ந்திருக்கிறார். எல்லோரும் ருகூவுக்குக் குனிந்தபோது, முன் வரிசையில் நின்ற 13 வயதுப் பிள்ளை ஒருத்தியின் முதுகு மட்டும் வலது பக்கம் மேடாகவும் இடது பக்கம் பள்ளமாகவும் தெரிந்திருக்கிறது. நிமிர்ந்ததும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ரக்அத்திலும் கவனித்திருக்கிறார். அதே மேடு.

மறுநாள் அஸருக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் உம்மாவைப் பார்க்கப் போனார். உம்மாவுக்கு விடயம் ஏற்கனவே தெரியும். ஒரு வருடமாகத் தெரியும். யாரோ ஒருவரிடம் எண்ணெய் போட்டு நீவிப் பார்த்திருக்கிறார்கள், வேறொருவரிடம் நூல் ஓதிக் கட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை. "பொம்பளப் புள்ள. கிளினிக்ல போய் உக்காந்தா ஊரே பாக்கும். நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசக்குள்ள முதுகு வளைஞ்ச புள்ளன்னு சொன்னா யாரு எடுப்பாங்க? மௌலவிக்கிட்டயும் சொல்லிடாதீங்க ராத்தா" என்று அழுதிருக்கிறார். என் மனைவி என்னிடம் சொல்லத்தான் செய்தார். இப்போது அந்த உம்மாவின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். அவரே, "இன்னொரு வீட்டுக்கு உதவுமென்றால் எழுதுங்க, பெயர் மட்டும் வேண்டாம்" என்றார்.

அரபுக் கல்லூரியில் நஹ்வும் ஸர்பும் பிக்ஹும் படித்தவனுக்கு முள்ளந்தண்டைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அன்று எனக்கும் ஒன்றும் தெரியாதுதான். கூன் என்ற ஒரு சொல்தான் தெரியும். அதுவும் பிழையான சொல் என்பது பிறகுதான் விளங்கியது.

பெருநாள் கழிந்து சில வாரங்களில், ஆசிரியர்களுக்கான இரண்டு நாள் பட்டறை ஒன்றுக்காக வட்டுக்கோட்டைக்குப் போக நேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய், சங்கானை வழியாக பஸ் பயணம். பகல் இடைவேளையில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் அந்த ஊரைச் சேர்ந்த கணித ஆசிரியர். பேச்சுப் பிள்ளைகளைப் பற்றித் திரும்பியது. "மௌலவி, உங்களுக்குச் சொன்னால் என்ன, என்ரை மகளும் ஒரு வருசமா பெல்ற் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போறாள். முள்ளந்தண்டு பக்கவாட்டிலை வளைஞ்சிருக்கு" என்றார். நான் மறைத்து வைத்திருந்த பேச்சை அவர் மழை பெய்வதைச் சொல்வதுபோலச் சொன்னார். அன்று பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய் எக்ஸ்ரே படங்களையும் பார்த்தேன்.

அவர்தான் எனக்கு முதல் ஆசிரியர். கூன் என்பது முன்பக்கமாக வளைவது, இது பக்கவாட்டில் வளைவது, வளையும்போதே முறுக்குவது என்றார். ஈரச் சேலையை முறுக்கிப் பிழிவதைப் போல முள்ளந்தண்டு தன் அச்சில் திரும்புவதால் அதோடு பொருந்தியிருக்கும் விலா எலும்புகளும் திரும்பி, ஒரு பக்கம் மேடாகின்றன. நிமிர்ந்து நிற்கும்போது உடுப்பு மறைத்துவிடும் அந்த மேடு, குனிந்ததும் வெளிப்பட்டுவிடுகிறது. வில்லியம் அடம்ஸ் என்ற இங்கிலாந்து வைத்தியர் 1865இல் விவரித்த சோதனையும் இதுதான்: பிள்ளை கால்களைச் சேர்த்து, முழங்கால் மடியாமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனிய, பின்னால் நின்று பார்க்க வேண்டும். உலகமெங்கும் இன்றும் முதற் சோதனை அதுவே. என் மனைவி தராவீஹில் பார்த்தது ஏறக்குறைய அதையேதான்.

இந்த நோயின் பெயர் ஸ்கோலியோசிஸ். கோணல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். எவ்வளவு கோணல் என்பதை அளக்கும் முறையை நியூயோர்க்கைச் சேர்ந்த ஜோன் கொப் என்ற வைத்தியர் 1948இல் வகுத்தார். வளைவின் மேல் முனையில் அதிகம் சரிந்திருக்கும் எலும்பில் ஒரு கோடு, கீழ் முனையில் அதிகம் சரிந்திருக்கும் எலும்பில் ஒரு கோடு, இரண்டுக்கும் இடையிலான கோணம். கணித ஆசிரியர் தன் மகளின் பாகைமானியை எடுத்துப் படத்தின் மேல் வைத்துக் காட்டினார். முதலில் 27 பாகை, ஆறு மாதத்தின் பின் 29 பாகை. "கூடிவிட்டதே" என்றேன். "இல்லை மௌலவி. இந்த அளவையிலை 5 பாகை வரைக்கும் அளக்கிறவரின்ரை கைப்பிழையாயும் இருக்கலாம். 2 பாகைக்கு நித்திரையை விடத் தேவையில்லை" என்றார். கணிதம் படித்தவருக்கு உள்ள நிம்மதி நமக்கு இல்லை!

10 பாகைக்குக் கீழே உள்ளதை நோயாகவே எண்ணுவதில்லை. 10 பாகையோ அதற்கு மேலோ உள்ள வளைவு, 10 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் 100 பேருக்கு 2 அல்லது 3 பேரிடம் காணப்படுகிறது. சிறு வளைவுகள் ஆண் பிள்ளைகளிலும் பெண் பிள்ளைகளிலும் ஏறக்குறைய சமமாகவே வரும். ஆனால் 30 பாகைக்கு மேல் வளர்பவை பெரும்பாலும் பெண் பிள்ளைகளிடமே. இவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்கப்படவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வர வாய்ப்புக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் புத்தகப் பையைச் சுமந்ததாலோ, ஒருக்களித்துப் படுத்ததாலோ, கோணலாக உட்கார்ந்து எழுதியதாலோ இது வருவதில்லை. "நிமிர்ந்து உக்காரு, நிமிர்ந்து உக்காரு" என்று ஒரு வருடமாக அந்தப் பிள்ளையின் தலையில் குட்டியதற்காக உம்மா பிறகு எவ்வளவு வருந்தினார் என்பது எனக்குத் தெரியும்.

வட்டுக்கோட்டைக்கு இந்த விடயத்தில் ஒரு பழைய உறவு உண்டு. அங்கே 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியர் முதலில் அங்கிருந்து, பிறகு மானிப்பாய்க்குப் போய் வைத்தியசாலையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வெளிவந்தது அவருடைய உழைப்பினால்தான். 150 வருடங்களுக்கு முன்பே இந்த மண்ணில் ஒவ்வோர் எலும்பையும் தமிழில் சொல்லிப் படித்திருக்கிறார்கள். நாம்தான் இன்னமும் 'கூன்' என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

சரி, அந்த உம்மாவின் பயத்துக்கு வருவோம். 'யாரு எடுப்பாங்க' என்பதற்குள் பல பயங்கள் அடங்கியிருந்தன. பிள்ளை பெற முடியுமா? மூச்சு முட்டுமா? ஆயுள் குறையுமா? வேலை வெட்டி செய்ய முடியுமா? நான் என் மச்சானின் மகனைப் பிடித்தேன். அவர் கொழும்பில் வைத்தியராக இருக்கிறார். இது பற்றிய ஆய்வுகளை எடுத்து இரண்டு இரவுகள் தொலைபேசியில் எனக்கு வாசித்து விளங்கப்படுத்தினார். விளங்காத இடங்களில் மறுபடி மறுபடி கேட்டேன். அவர் பொறுமைக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

இந்தப் பயம் நம் பெண்களிடம் மட்டும் இருந்ததல்ல. 1960களில் சுவீடனில் வெளிவந்த ஆய்வுகளும் இதையே சொல்லின. முதுகு வளைந்தவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள், வேலை செய்ய இயலாதவர்களாகிறார்கள், பெண்களில் பெரும்பாலோர் மணமாகாமலே இருந்துவிடுகிறார்கள் என்று எழுதினார்கள். வைத்தியர்களே அதை நம்பினார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் ஒரு பெரிய குழப்பம் இருந்தது. போலியோவினால் வளைந்தவர்கள், பிறவியிலேயே எலும்பு கோணியவர்கள், காரணமின்றிப் பருவ வயதில் வளைந்தவர்கள் என்று எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு எண்ணிவிட்டார்கள்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். 1932க்கும் 1948க்கும் இடையில் அங்கே வந்த, பருவ வயது வளைவு உள்ள, எந்தச் சிகிச்சையும் பெறாத நோயாளர்களை 50 வருடங்களாகத் தொடர்ந்து கவனித்தார்கள். இறுதியில் அவர்களில் 117 பேரை, வளைவில்லாத அதே வயதுடைய 62 பேருடன் ஒப்பிட்டு, ஸ்டூவர்ட் வைன்ஸ்டைன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2003இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயுளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதுகுவலி கூடுதல்தான்: வளைவுள்ளவர்களில் 100க்கு 61 பேர், மற்றவர்களில் 35 பேர். ஆனால் அந்த வலியுடனேயே அவர்கள் வேலைக்குப் போனார்கள், வீடு நடத்தினார்கள், முதுமையிலும் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொண்டார்கள். மூச்சுத்திணறல் 22 பேருக்கு, மற்றவர்களில் 15 பேருக்கு. அதிலும் உண்மையான ஆபத்து, மார்புப் பகுதியில் 80 பாகைக்கு மேல் வளைந்தவர்களுக்குத்தான். அவர்களை அதிகம் வருத்தியது தம் தோற்றத்தைப் பற்றிய கவலை.

இதைக் கேட்டபோது என் பெரியம்மாவின் மகளை நினைத்தேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு 11 வயது. புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்த காலத்தில் பிள்ளையின் முதுகை யார் பார்த்தார்கள்? அவருடைய ஒரு தோள் மற்றதை விட உயரமாக இருப்பதை நாங்கள் ராத்தாவின் நடை என்றே எண்ணியிருந்தோம். இப்போது கேட்டுப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளைப் பெற்று, தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தே மூன்றையும் படிப்பித்திருக்கிறார். "நாரி வலிக்கும்டா தம்பி, வலிக்காத நாரி ஆருக்கு இருக்கு?" என்றார்.

பிள்ளைப்பேறு பற்றியும் சுவீடனிலேயே விடை கிடைத்தது. யோதெபோரி நகரில் இளம் வயதில் பெல்ட் போட்ட, அல்லது சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களை 22 வருடங்களின் பின் தேடிப் பிடித்து ஆராய்ந்தார்கள். டானியல்சன், நாகெம்சன் என்ற இருவரின் அந்த ஆய்வு 2001இல் வெளியானது. எத்தனை முறை கர்ப்பமானார், எந்த வயதில் முதற் பிள்ளை பெற்றார் என்பதற்கும் வளைவு கூடியதற்கும் தொடர்பே இல்லை என்று கண்டார்கள். கர்ப்ப காலத்தில் முதுகுவலி சற்றுக் கூடுதலாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த ஆய்வுகளில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. முன்பெல்லாம் சிகிச்சை வெற்றியா என்பதைப் படத்திலுள்ள பாகையை வைத்து வைத்தியர்தான் தீர்மானிப்பார். பிறகு, அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு வந்தது. 22 கேள்விகள் கொண்ட ஒரு வினாக்கொத்தை உருவாக்கினார்கள். எவ்வளவு வலிக்கிறது, அன்றாட வேலை செய்ய முடிகிறதா, கண்ணாடியில் உன்னைப் பார்க்கும்போது எப்படி இருக்கிறது, மனது எப்படி இருக்கிறது, கிடைத்த சிகிச்சை திருப்தியா என்ற ஐந்து பகுதிகள் அதில் உண்டு. வாழ்க்கைத் தரம் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். நம் வீட்டில் அந்த 13 வயதுப் பிள்ளையிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டோமா? உம்மா அழுதார், வாப்பா மௌனமானார், நீவுகிறவர் நீவினார், நான் தொலைபேசியில் பேசினேன். அவளுக்கு என்ன பயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மனைவி கேட்டபோது அவள் சொன்னது கல்யாணத்தைப் பற்றியே அல்ல. "மாமி, எனக்கு உள்ளுக்குள்ள எலும்பு உடைஞ்சிட்டா? நான் மௌத்தாயிடுவேனா?" என்றுதான் கேட்டிருக்கிறாள். ஒரு வருடமாக அந்தக் கேள்வியோடு தூங்கியிருக்கிறது பிள்ளை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஆயுளுக்கு ஆபத்தில்லை, பிள்ளை பெறலாம் என்றால் பேசாமல் விட்டுவிடலாமே' என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியல்ல. வளர்ந்து முடியும்போது 30 பாகைக்குள் நின்றுவிட்ட வளைவு பொதுவாகப் பிறகு கூடுவதில்லை. 50 பாகையைத் தாண்டியது, வளர்ச்சி நின்ற பின்பும் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு பாகையாகக் கூடிக்கொண்டே போகக்கூடும். ஆகவே முழுப் போராட்டமும் அந்த 50ஐத் தொடாமல் வளர்ச்சியை முடிப்பதில்தான். பிள்ளை வேகமாக உயரும் காலத்தில்தான் வளைவும் வேகமாகக் கூடும். பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் வயதுக்கு வருவதற்குச் சற்று முன்பே உச்சத்தை அடைகிறது. வயதுக்கு வந்து ஏறக்குறைய இரண்டு வருடங்களில் வளர்ச்சி பெரும்பாலும் அடங்கிவிடும். இடுப்பெலும்பின் எக்ஸ்ரேயைப் பார்த்து இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் என்று வைத்தியர் சொல்லிவிடுவார். பெல்ட் வேலை செய்வது அந்த மிச்சத்தில்தான். வளர்ச்சி நின்ற பிறகு பெல்ட் போட்டுப் பயனில்லை. 'கல்யாணப் பேச்சு முடியட்டும், பிறகு பார்ப்போம்' என்று மறைத்து வைக்கிற வருடங்கள் எந்த வருடங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பெல்ட் என்று நம்மவர்கள் சொல்வதை வைத்தியசாலையில் பிரேஸ் என்பார்கள். பிள்ளையின் உடலுக்கு அளவெடுத்து வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக் சட்டை. 1940களில் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் செய்தது கழுத்துவரை இரும்புக் கம்பியோடு இருந்தது. 1970களில் பொஸ்டனில் செய்தது கைக்குக் கீழேயே நின்றுவிட்டது, உடுப்புக்குள் மறைந்தது. ஆனால் இது உண்மையில் பலன் தருகிறதா என்று நெடுங்காலம் வைத்தியர்களிடையே தர்க்கம் இருந்தது. தானாகவே நின்றுவிடும் வளைவை பெல்ட் நிறுத்தியதாகச் சொல்கிறோமோ என்ற சந்தேகம் நியாயமானதுதான்.

அதைத் தீர்க்க அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 வைத்தியசாலைகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. வைன்ஸ்டைனும் லோரி டோலன் அம்மையாரும் முன்னின்றார்கள். 10 முதல் 15 வயது வரை, 20 முதல் 40 பாகை வரை வளைவுள்ள 242 பிள்ளைகள். சீட்டுக் குலுக்குவதுபோல் பாதிப் பேருக்கு பெல்ட், பாதிப் பேருக்குக் கண்காணிப்பு மட்டும் என்பதுதான் முதல் எண்ணம். பெற்றோர் ஒத்துக்கொள்ளவில்லை! தம் பிள்ளையின் முதுகைச் சீட்டுக் குலுக்கலுக்கு விட எந்தத் தாய் சம்மதிப்பாள்? 116 பேர் மட்டும் சம்மதிக்க, மீதி 126 பேர் தாமே விரும்பியதைத் தேர்ந்துகொண்டார்கள். 2013இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பெல்டின் பயன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிட்டதால், மற்றப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்காமல் விடுவது சரியல்ல என்று முடிவு செய்தார்கள். பெல்ட் போட்டவர்களில் 100க்கு 72 பேர் 50 பாகையை எட்டாமல் வளர்ந்து முடித்தார்கள். போடாதவர்களில் 48 பேர்.

அந்த 48ஐயும் கவனியுங்கள். ஏறக்குறைய பாதிப் பேர் பெல்ட் இல்லாமலே தப்பியிருக்கிறார்கள். யார் தப்புவார், யார் தப்பமாட்டார் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாததால்தான் எல்லோருக்கும் போட வேண்டியிருக்கிறது. எண்ணெய் நீவியதால் நேரானது என்று யாராவது சாட்சி சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. அவர் அந்த 48இல் ஒருவர்.

பெல்டுக்குள் சூட்டை உணரும் ஒரு சின்னக் கருவியை வைத்து, பிள்ளை உண்மையில் எத்தனை மணித்தியாலம் போட்டது என்றும் கணக்கெடுத்தார்கள். (தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான சண்டை அங்கேயும் இருக்கிறது போலும்.) நாளுக்கு 18 மணித்தியாலம் போடும்படிதான் சொல்லியிருந்தார்கள். சராசரியாக 13 மணித்தியாலமளவில் அல்லது அதற்கு மேல் போட்டவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் வெற்றி. 6 மணித்தியாலத்துக்குக் குறைவாகப் போட்டவர்களின் நிலை ஏறக்குறைய போடாதவர்களைப் போலவே. பெல்டை வாங்கி அலுமாரியில் வைத்தால் காசுதான் போகும்.

பிள்ளையின் மனம் நொந்துவிடாதா? அதையும் அதே ஆய்வில் கேட்டார்கள். வாழ்க்கைத் தரம் பற்றிய கேள்விகளுக்கு பெல்ட் போட்ட பிள்ளைகளும் போடாத பிள்ளைகளும் சொன்ன பதில்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2016இல் அந்தப் பெண் பிள்ளைகளின் பதில்களை மட்டும் தனியாக ஆராய்ந்தபோது, தன் உடலைப் பற்றித் தாழ்வாக எண்ணிய பிள்ளையின் வாழ்க்கைத் தரமே குறைந்திருந்தது, பெல்ட் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும். அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்ல வேண்டுமா? "யாரு எடுப்பாங்க" என்பதை அடுப்படியில் மெதுவாகத்தான் சொன்னேன் என்று உம்மா நினைக்கிறார். பிள்ளையின் காது கூர்மையானது.

ஆனாலும் அந்த ஆய்வுகளெல்லாம் குளிர் நாடுகளில் நடந்தவை. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் சட்டைக்குள் 18 மணித்தியாலம் என்பது லேசான காரியமல்ல. வட்டுக்கோட்டை ஆசிரியரின் மகளுக்கு முதல் மாதம் தோல் சிவந்து புண்ணானது. உள்ளே தையலில்லாத பருத்திப் பனியன், நாளுக்கு இரண்டு தடவை மாற்றுதல், குளித்துத் தோலை நன்றாக உலர்த்தியபின் போடுதல் என்று தாயும் மகளுமாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இரவில் மட்டும் போடும் பெல்டைப் பற்றி சுவீடனில் ஆறு வைத்தியசாலைகளில் ஆய்வு நடந்து, முடிவு 2024இல் வந்தது. வெறும் உடற்பயிற்சியை விட அது நல்ல பலன் தந்திருக்கிறது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டாருக்கு இது நல்ல செய்தி என்று என் மருமகன் சொல்கிறார். எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். இதற்கென்றே வகுத்த உடற்பயிற்சிகளும் உண்டு. தானும் முதுகு வளைந்தவரான கத்தரினா ஷ்ரோத் என்ற ஜேர்மன் பெண்மணி 1920களில் தொடங்கிவைத்தவை அவற்றில் பெயர் பெற்றவை. 2015இல் கனடாவில் 50 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வில் வழமையான சிகிச்சையோடு அவற்றைச் சேர்த்தபோது நன்மை தெரிந்தது. பெல்டுக்குப் பதிலாக அது போதும் என்று யாராவது சொன்னால் மட்டும் சற்று யோசியுங்கள்.

50 பாகையை எட்டியவர்களுக்குச் சத்திரசிகிச்சை. 1962இல் ஹூஸ்டன் வைத்தியர் போல் ஹரிங்டன் உலோகக் கம்பி வைக்கும் முறையை வெளியிட்டார். இப்போது திருகாணிகளும் கம்பிகளுமாக இன்னும் நுட்பமாகச் செய்கிறார்கள். நேராக்கிய பகுதி ஒன்றாகப் பொருந்திவிடுவதால் அங்கே வளைந்து கொடுக்கும் தன்மை குறையும். நரம்புக்குப் பாதிப்பு வரும் ஆபத்து சிறிதே ஆயினும் உண்டு. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை முள்ளந்தண்டுச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. எங்கே செய்தாலும் அது பெரிய ஒபரேஷன்தான். அதைத் தவிர்க்கத்தான் பெல்ட்.

நம் வீட்டுப் பெண் பிள்ளைகளின் விடயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். நீளமான, தளர்வான உடை பெல்டை அழகாக மறைத்துவிடும். மேல்நாட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத வசதி இது. ஆனால் அதே உடை வளைவையும் மறைத்துவிடுகிறது. பத்து வயதுக்குப் பிறகு மகளின் முதுகைத் தாயே பார்ப்பதில்லை. ஆகவே 10 வயதிலிருந்து 14 வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, குளித்து வரும்போது, உம்மாவோ ராத்தாவோ உம்மும்மாவோ பிள்ளையைக் குனியச் சொல்லிப் பாருங்கள். ஒரு தோள் உயர்ந்திருக்கிறதா, ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு தள்ளியிருக்கிறதா, இடுப்பின் ஒரு பக்க மடிப்பு மட்டும் ஆழமாக இருக்கிறதா, குனிந்தால் ஒரு பக்கம் மேடாகிறதா? பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். பெண் வைத்தியர் வேண்டுமென்றால் அப்படிக் கேட்கலாம், தாய் கூடவே நிற்கலாம். கடும் வலியோ, கால் பலவீனமோ, மரத்துப்போதலோ சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், அது வேறு நோயாகவும் இருக்கலாம்.

சம்பந்தம் பேசும்போது சொல்வதா விடுவதா என்று அந்த உம்மா என்னிடம் நேரடியாகக் கேட்டார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். மறைத்துச் செய்த நிகாஹ் பிறகு என்ன பாடுபடும் என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் எதைச் சொல்வது? 'முதுகு வளைஞ்ச புள்ள' என்றா? '13 வயதில் கண்டோம், பெல்ட் போட்டோம், இத்தனை பாகையில் நின்றது, பிள்ளைப்பேறுக்குத் தடையில்லை என்று வைத்தியர் சொன்னார்' என்றா? இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் இன்றைக்குக் கிளினிக்குக்குப் போக வேண்டும். அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் விடிய என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

33 பாகை. இடுப்பெலும்பைப் பார்த்ததில் வளர்ச்சி இன்னும் மிச்சமிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். பெல்ட் வந்து சேரச் சில வாரங்கள் எடுத்தன. முதல் வாரம் அழுகை, இரண்டாம் வாரம் கோபம். வட்டுக்கோட்டை ஆசிரியரின் மனைவியும் மகளும் ஒரு சனிக்கிழமை வந்திருந்து, பனியன் மாற்றும் முறையைக் காட்டிக் கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் என்ன பேசினார்களோ தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி எக்ஸ்ரேயில் 31 பாகை. வட்டுக்கோட்டைக் கணக்கின்படி அதுவும் அளப்பவரின் கைப்பிழையாக இருக்கலாம். இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

ரமழான் நெருங்குவதால் என் மனைவி மூலமாக அவள் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். பெல்டோடு ருகூவும் ஸுஜூதும் சரியாகச் செய்ய முடியவில்லை, கழற்றிவிட்டுத் தொழலாமா, அல்லது கதிரையில் அமர்ந்து தொழ வேண்டுமா? இருவருமாகக் கணக்குப் போட்டோம். நாளுக்கு 24 மணித்தியாலம், பெல்டுக்கு 18, மிச்சம் 6. ஐந்து வேளை வுழூவுக்கும் தொழுகைக்கும் நிதானமாகச் செய்தாலும் ஒன்றரை மணித்தியாலம். குளிக்க, தோல் உலர அரை மணித்தியாலம். தராவீஹுக்கு ஒன்றரை மணித்தியாலம். அப்போதும் இரண்டரை மிச்சமிருக்கிறது. கழற்றிவிட்டு நின்றே தொழட்டும், வீடு வந்ததும் போட்டுக்கொள்ளட்டும் என்று பதில் சொன்னேன்.

பெருநாள் அன்று முழு நாளும் கழற்றிவைக்கலாமா என்று ஒரு துணைக் கேள்வியும் இருந்தது. அது என் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, டொக்டரிடம் கேள் என்று சொல்லிவிட்டேன். டொக்டர் கொஞ்ச நேரம் பேரம் பேசி, மேலதிகமாக நாலு மணித்தியாலம் கொடுத்தாராம்.